மூன்று வாரத்தில் கிறிஸ்துமஸ் பீர்

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, வீட்டிலேயே மசாலா பீர் போடலாமா என்று கேட்டால், கை பழகியவர்கள் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். பண்டிகைப் பீரை செப்டம்பரிலேயே காய்ச்சி, புட்டியில் அடைத்து, இருட்டு மூலையில் இரண்டு மாதம் ஊறவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது தப்புக் கணக்கு இல்லை. ஆனால் நார்வேயின் மேற்குக் கரையில் வேறொரு கணக்கு உண்டு. டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கிருப்பவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்ளலாம். நார்வேயில் சொந்த உபயோகத்துக்குப் பீர் போடத் தடையில்லை. சாராயம் வடிப்பதற்குத்தான் தடை.

நாள் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்தால், மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் போடுகிறோம். இத்தனையும் ஒரே நாள் வேலை. 20 லிட்டருக்கு 3 கிலோ மால்ட் சாற்றுப் பொடி வாங்கிவிட்டால் முதல் கட்டம் மிச்சம். ஆனால் மிச்சமாவது இரண்டு மணி நேரம்தான். நாட்களும் வாரங்களும் ஈஸ்ட்டின் கையில் இருக்கின்றன.

வழக்கமான ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் வேலை செய்யும். சர்க்கரையைத் தின்று தீர்க்க ஒரு வாரம், தான் கக்கிய வேண்டாத வாசனைகளைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் சில நாள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வேகம் கூடும், கூடவே தின்னர் நாற்றமும் ஏறும். பிறகு எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது.

இந்த விதிக்கு அடங்காத ஈஸ்ட் ஒன்று உண்டு. க்வைக் என்பது அதன் பெயர். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது. மர வளையங்களை அதில் தோய்த்து, உலர்த்தி, தொங்கவிட்டு, அடுத்த முறை காய்ச்சும்போது எடுப்பார்கள். வோஸ் வட்டாரத்து க்வைக்கை 35 முதல் 40 டிகிரிச் சூட்டில் போட்டாலும் பீர் கெடாது. மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிடும். லேசான ஆரஞ்சு வாசனையும் தரும். நார்வேக்காரரான மென்பொருள் வல்லுநர் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் இந்தப் பண்ணைகளைத் தேடித் திரிந்து எழுதியதற்குப் பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. வோஸைச் சேர்ந்த சிக்முண்ட் யெர்னெஸ் வீட்டு ஈஸ்ட் இன்று உலர்ந்த பாக்கெட்டாகக் கடைகளில் கிடைக்கிறது. சில ஊர்களில் ஈஸ்ட் போடும்போது பெரிதாகக் கத்தும் வழக்கமும் இருந்ததாம். வேதியியலில் அதற்கு வேலையில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அந்த மண்ணில் கிறிஸ்துமஸ் பீர் விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. இடைக்காலத்து குலாதிங் சட்டம் விவசாயிகள் பண்டிகைக்குப் பீர் காய்ச்சியே ஆக வேண்டும் என்றது. தவறினால் பிஷப்புக்கு அபராதம் கட்ட வேண்டும். மூன்று குளிர்காலம் தொடர்ந்து தவறினால் சொத்தே போய்விடும், அரசனுக்குப் பாதி, பிஷப்புக்குப் பாதி.

இனி நம் பானைக்கு வருவோம். டிசம்பர் 3-ஆம் தேதி காய்ச்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த கேரமல் மால்ட் 300 கிராமைத் துணியில் கட்டி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் சாற்றுப் பொடியைக் கரைத்தால் நிறமும் கருப்பட்டி மணமும் வந்துவிடும். 20 லிட்டருக்கு, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.055 பக்கம் நிற்கும். நொதித்து முடிந்ததும் 1.013 பக்கம் இறங்கும். அதாவது ஐந்தரை சதவீத ஆல்கஹால். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எட்டு, ஒன்பது சதவீதப் பீரின் காரம் தணிய மாதக்கணக்கில் ஆகும், நம்மிடம் மாதம் இல்லை. க்வைக் கெட்டியான பண்ணைச் சாற்றில் வளர்ந்த ஈஸ்ட் என்பதால், இப்படி மெலிதான சாற்றில் கொஞ்சம் ஈஸ்ட் ஊட்டமும் போடுங்கள். குளிர்நாட்டு வீட்டில் நொதிக்கும் வாளியைச் சும்மா விட்டால் சூடு இறங்கி ஈஸ்ட் சோம்பிவிடும். கம்பளி சுற்றி, அடியில் சூட்டு விரிப்பு வையுங்கள்.

மசாலாவுக்கு இப்போது வருகிறேன். அவசரப் பீர் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். நார்வேக் கடைகளில் விற்கும் கிறிஸ்துமஸ் பீரில் பெரும்பாலும் மசாலாவே இருக்காது, கறுத்த மால்ட்தான் அதன் ருசி. மசாலாப் பழக்கத்துக்கு அமெரிக்கப் பக்கம் பார்க்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975 முதல் ஒவ்வோர் ஆண்டும் லேபிளில் மரத்தின் படத்தை மாற்றி, செய்முறையையும் மாற்றி, என்ன போட்டோம் என்று சொல்லாமலே கிறிஸ்துமஸ் பீர் விற்றுவந்தது. புத்தகங்களில் காணும் அளவுகளோ இரண்டு மூன்று மாதம் ஊறப்போகும் பீருக்கானவை. ஊற ஊற மசாலா மங்கும் என்பதால் முதலிலேயே கூடுதலாகப் போடச் சொல்வார்கள். நம் பீருக்கு மங்க நேரமில்லை. போதாததற்கு நம் கை பழகியது குருமாவில். தேங்காயும் எண்ணெயும் அங்கே கிராம்பின் முனையை மழுக்கிவிடும். பீரில் அதை மறைக்க ஒன்றுமில்லை.

அதனால் கொதியில் எதையும் போடாதீர்கள். காய்ச்சும் அன்றே ஒரு சின்னப் புட்டியில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு, தட்டிய ஏலக்காய் ஆறு, சுக்கு 10 கிராம், வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஓர் ஆரஞ்சின் தோல் ஆகியவற்றை 150 மில்லி வோட்காவில் ஊறவையுங்கள். புட்டியில் அடைக்கும் நாளில் வடிகட்டுங்கள். நான்கு டம்ளரில் 100 மில்லி பீர் எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் ஊசிக்குழாயால் 0.2, 0.4, 0.6 மில்லி விட்டுக் குடித்துப் பாருங்கள். 0.4 பிடித்தால் 20 லிட்டருக்கு 80 மில்லி. நான் 70 தான் ஊற்றுவேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ருசிக்க வேண்டாம். கிராம்பிலுள்ள யூஜினால் நாக்கை மரக்கச் செய்யும், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே சரக்குதான். மரத்த நாக்கு இன்னும் கேட்கும்.

வேகத்தைக் கூட்டக் கூடாத ஓர் இடம் உண்டு. ஹைட்ரோமீட்டர் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டாமல் புட்டியில் அடைக்காதீர்கள். சர்க்கரை மிச்சமிருந்தால் அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். க்வைக் ஏழாம் தேதியே முடித்திருந்தாலும் 10-ஆம் தேதி வரை விடுங்கள். வெண்ணெய் நாற்றம் ஏதாவது இருந்தால் அதற்குள் அடங்கும். அன்று 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, மசாலாச் சாற்றோடு சேர்த்து, கலங்காமல் மெதுவாகக் கலந்து அடையுங்கள். மசாலா இந்தக் கட்டத்தில்தான் சேர்கிறது என்பதால் வாளியடியில் படிந்த ஈஸ்ட் சுத்தமாகவே இருக்கும். அதைக் காகிதத்தில் மெலிதாகப் பரப்பி உலர்த்தி ஃப்ரீசரில் போட்டால் அடுத்த முறைக்கு ஆகும்.

புட்டிகளை 25 டிகிரி பக்கம் வையுங்கள். ஒரே ஒரு புட்டி மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அது கல்லாகக் கெட்டிப்பட்டால் மற்றவற்றிலும் நுரை பிடித்துவிட்டது என்று அர்த்தம்; திறந்து பார்த்து வீணாக்க வேண்டியதில்லை. 22-ஆம் தேதி எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். வாயு பீரில் கரையவும் கசடு அடியில் படியவும் இரண்டு நாள் தேவை. நார்வேயில் கொண்டாட்டம் 24-ஆம் தேதி மாலையே தொடங்கிவிடும்.

அன்றைக்கும் பிளாஸ்டிக் புட்டி கொழகொழவென்றே இருந்தால் பதற வேண்டாம். பண்ணைப் பீரில் எப்போதுமே நுரை குறைவுதான். ஜாடியில் ஊற்றிப் பரிமாறிவிட்டு, வோஸ் பக்கத்து முறை என்று சொல்லிவிடுங்கள்.