கம்பின் நீளம், ஃப்ரேமின் கணக்கு

ஐந்தரை அடிக் கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். அடுத்து அதே கம்பை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றுங்கள். இரண்டாவது முறை கை திணறும். சுழலும்போது கம்பு காட்டும் எதிர்ப்பு, பாடநூல் மொழியில் நிலைமத் திருப்புத்திறன், நடுப்பிடியைவிட முனைப்பிடியில் நான்கு மடங்கு அதிகம். அந்தச் சிரமத்துக்குப் பலனாக வேகமும் எட்டும் தூரமும் கிடைக்கின்றன. விநாடிக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டால், நடுப்பிடியில் கம்பின் நுனி மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் போகும்; முனைப்பிடியில் 114. சிலம்பம் பழகியவர்களுக்குச் சூத்திரம் தெரியாமல் இருக்கலாம், மணிக்கட்டுக்குத் தெரியும்.

வாளும் கம்பும் கோடரியும் ஏந்திச் சண்டை போடும் வீடியோ கேம்கள் இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் மதிக்கின்றன? இந்த வகையில் 1993-இல் ஜப்பானின் எஸ்.என்.கே. வெளியிட்ட சாமுராய் ஷோடவுன் பெரிய பெயர் வாங்கியது. முப்பரிமாணத்தில் அந்த இடத்தைப் பிடித்தது நாம்கோவின் சோல்காலிபர்: 1998-இல் ஆர்கேட், மறு ஆண்டு ட்ரீம்காஸ்ட். அந்த வரிசையில் அக்டோபர் 2018-இல் வந்த சோல்காலிபர் 6-தான் இங்கே நாம் எடைபோடப் போவது.

பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு வடக்கே இருக்கும் கெப்பாலா பத்தாஸில் சிலம்பம் சொல்லித்தரும் ஒருவரை இந்த கேமின் முன்னால் உட்கார வைத்தோம். அவருடைய மாணவன்தான் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் கொடுத்தான். “மாஸ்டர், கம்பு வச்சிருக்கிறவன எடுத்துக்குங்க.” கம்பு வைத்திருப்பவன் பெயர் கிலிக். சீனக் கோயில் ஒன்றில் வளர்ந்தவனாகக் கதை. ஆனால் அவன் கம்பின் பெயர் கலியுகா! துவாபரயுகா, கிருதயுகா என்ற பெயர்களிலும் இந்தத் தொடரில் புனிதப் பொருள்கள் உண்டு. திரேதாயுகத்தை மட்டும் ஏன் விட்டார்களோ.

மாஸ்டர் பொத்தானைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “கை மாத்துறான் பாரு. நடுவுல இருந்து நுனிக்கு வழுக்கிட்டுப் போறான். தெரிஞ்ச ஆள வச்சுத்தான் செஞ்சிருக்காங்க.” அடுத்த அடியில் முகம் மாறிவிட்டது. “மேல பட்ட கம்பு அந்தப் பக்கமா வெளிய வருதே, அது என்னடா?”

அவர் பார்த்த இரண்டுமே சரி. முதலாவதன் கணக்கைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம்; இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். கணினிக்குத் திரையில் தெரியும் உடலும் ஆயுதமும் பொருட்டில்லை. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத எளிய வடிவங்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தொட்டதா என்று விநாடிக்கு 60 முறை சோதிப்பதுதான் அதன் வேலை. தொட்டதும் உயிர்க்கோடு குறைகிறது, அடி வாங்கியவன் தள்ளாடும் அசைவு ஓடுகிறது. ஆயுதமோ நிற்காமல் தன் பாதையில் போய்விடுகிறது. நிஜப் பிரம்பு வளையும், அதிரும், எதிரியின் கம்பில் பட்டுத் திரும்பி வரும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஐவி என்ற பெண் பாத்திரம் துண்டு துண்டாகப் பிரியும் வாளைச் சாட்டைபோல் வீசுகிறாள். நம் சுருள்வாளை எடுத்தவர்கள் முதலில் பயப்படுவது தங்கள் தோலுக்குத்தான். ஐவிக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை.

இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே அடிக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு வந்தால்தான் ஆட்டம் நியாயமாக இருக்கும். கம்பு அதிர்ந்து திரும்புவதை நிஜமாகக் கணக்கிட்டால் வெற்றி பாதி அதிர்ஷ்டத்தின் கைக்குப் போய்விடும்.

அப்படியானால் எடை எங்கே போயிற்று? இந்த கேமின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. எடையையும் நீளத்தையும் அது நேரமாக மாற்றி வைத்திருக்கிறது. விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒரு படம், அதாவது ஒரு ஃப்ரேம், விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. சட்டென்று விழும் சின்ன அடி பொத்தானை அழுத்திய பன்னிரண்டு ஃப்ரேம் அளவில் எதிரியைத் தொடும். நைட்மேர் தூக்கும் ராட்சத வாளுக்கோ அஸ்தரோத்தின் கோடரிக்கோ அதுபோல இரண்டு மடங்குகூட ஆகலாம். வீசித் தவறவிட்டால் மறுபடி நிலைக்கு வரவும் அவர்களுக்கு நேரம் பிடிக்கும், அதற்குள் எதிரி புகுந்துவிடுவான். கிலிக்கின் கம்பு தூரத்தில் எமன். ஒட்டி நின்றுவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். நீளத்துக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சூத்திரம் எதுவும் காட்டாமலே பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்துவிடுகிறார்கள்.

காலடிக்கும் இதே மரியாதை. பொத்தானைப் பிடித்தபடி எட்டுத் திசையிலும் தாராளமாக நடக்கலாம் என்பது 1998-இல் இந்தத் தொடர் கொண்டுவந்த பெரிய மாற்றம். மேலிருந்து இறங்கும் அடியைப் பக்கவாட்டில் விலகி ஏமாற்றலாம். அப்படி விலகுபவனைக் கிடைவீச்சு பிடித்துவிடும். மேடை விளிம்பைத் தாண்டி விழுந்தால், உயிர்க்கோடு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்தச் சுற்று போச்சு. சிலர் இதை அநியாயம் என்பார்கள். நின்ற இடத்தை மறந்தவன் தோற்பதில் என்ன அநியாயம்?

இப்போது மனித உடலின் எல்லைக்கு வருவோம். கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். ஃப்ரேம் கணக்கில் 12 முதல் 15. பன்னிரண்டு ஃப்ரேமில் வரும் அடியைப் பார்த்துவிட்டுத் தடுப்பது நடக்காத காரியம் என்றாகிறது. அதை முன்கூட்டியே ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். இருபத்தைந்து ஃப்ரேம் அடியைப் பார்த்தே தடுக்கலாம். சண்டை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. களத்திலும் இதுதான் நிலைமை: கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் அடி வாங்குவான், தோளையும் காலையும் பார்ப்பவன் தப்பிப்பான்.

எல்லாவற்றையும் நேரமாக மாற்றிய கேமுக்கு, நேரம் கெட்டால் எல்லாமே கெட்டுப்போகும். சோல்காலிபர் 6 சறுக்கியது இணைய ஆட்டத்தில். கெப்பாலா பத்தாஸிலிருந்து தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நேர்கோட்டில் கேபிள் கிடந்தாலும் ஒரு பக்கத்துக்கு 25 மில்லிவிநாடி, அதாவது ஒன்றரை ஃப்ரேம் போய்விடும். கடலடியில் வளைந்து கிடக்கும் கேபிளும் வழியிலுள்ள கருவிகளும் இதைக் கூட்டும். இந்த கேம் கையாளும் முறை பழையது: எதிராளியின் பொத்தான் செய்தி வந்து சேரும்வரை இரண்டு இயந்திரங்களும் காத்திருக்கும். இணைப்பு தடுமாறினால் காத்திருப்பும் ஏறி இறங்கும். நேற்றுப் பார்த்துத் தடுத்த அடியை இன்று தடுக்க முடியாது. வீட்டில் யூனிஃபை ஃபைபர் இருந்தும் இந்த நிலை வரலாம், ஒளியின் வேகத்தை எந்தத் திட்டத்தாலும் கூட்டமுடியாதே.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டோனி கேனன் என்ற அமெரிக்கர் எழுதிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் 2000-களிலேயே காட்டிய முறை அது: இயந்திரம் காத்திருக்காது. எதிராளி கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருப்பான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பென்றால் சில ஃப்ரேம் பின்னால் போய், சரியான பொத்தானைப் போட்டு, கண் இமைக்குமுன் மீண்டும் ஓட்டிவிடும். ரோல்பேக் என்கிறார்கள். அறுபதில் ஒரு பங்கு விநாடிக்குள் மனிதன் முடிவை மாற்றுவது அபூர்வம் என்பதால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். 2019-இல் வந்த புதிய சாமுராய் ஷோடவுனுக்கு 2023-இல் இதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சோல்காலிபர் 6-ஐ வெளியிட்ட பண்டாய் நாம்கோவே ஜனவரி 2024-இல் வெளியிட்ட டெக்கன் 8-இல் இது உண்டு. சோல்காலிபர் 6-க்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்னொரு குறை அவர்களே வலிய இழுத்துவிட்டது. ரிவர்சல் எட்ஜ் என்று ஓர் உத்தி. ஒரே பொத்தானில் எதிரியின் அடியைத் தாங்கிக்கொண்டு, திரையை மெதுவாக்கி, ஒன்றையொன்று வெல்லும் தேர்வுகளில் ஒன்றை இருவரையும் எடுக்கச் சொல்கிறது. பார்ப்பதற்கு ஜோர். புதியவர்களுக்கு உதவத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் தூரமும் நேரமும் தெரிந்த ஆட்டக்காரனின் உழைப்பு அந்த நொடியில் சீட்டுக்குலுக்கலாகிவிடுகிறது. மாஸ்டரும் இந்த இடம் வந்தபோதெல்லாம், “எதுக்குடா நிக்கிறானுங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்திய வீரர் யாரும் இந்த ஆறாம் பாகத்தில் இல்லை. ஆனால் இத்தாலிக்காரனான வோல்டோ கைகளில் மாட்டியிருப்பது நம் ஊர்க் கட்டாரி, அதுவும் மானஸ், ஆயுஸ் என்ற பெயர்களோடு. கலியுகாவும் கட்டாரியும் வந்த இடத்தில் சிலம்பமும் வந்திருக்கலாம். சொந்தப் பாத்திரம் உருவாக்கும் வசதி நன்றாக இருப்பதால் ஆசைப்பட்டவர்கள் கிலிக்கின் முறையைக் கொடுத்து ஒரு சிலம்ப வீரரைச் செய்துகொள்ளலாம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அண்ணன் தம்பியோ நண்பர்களோ ஒரே திரை முன் உட்கார்ந்து ஆடுவதாக இருந்தால் தள்ளுபடி விலையில் தாராளமாக வாங்குங்கள், தூரத்தையும் எடையையும் இவ்வளவு நன்றாக உணர்த்தும் ஆயுதச் சண்டை கேம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. வெளிநாட்டு ஆட்களோடு இணையத்தில் மோதத்தான் என்றால் அந்த வெள்ளியை டெக்கன் 8-க்குச் சேர்த்து வையுங்கள்.