பிட்டுத் துணியில் கால் மிதியடி: பின்னும் முன் ஒரு கணக்கு



சோழவரம் பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வருகிறது. "மேடம், கால் மிதியடி பின்னினா நல்ல காசு வருமாமே, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க." காசு வரும்தான். எவ்வளவு வரும், அதில் நம்ம கைக்கு எவ்வளவு நிற்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அதையும் சேர்த்தே இந்த மாதம் எழுதுகிறோம்.

முதலில் துணி. மிதியடிக்கு ராஜா பனியன் துணிதான். திருப்பூர் கம்பெனிகளில் பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை கட்டிங் வேஸ்ட் என்று எடை போட்டு விற்கிறார்கள். பனியன் துணியை ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், ஓரம் தானாகச் சுருண்டு கயிறு போல ஆகிவிடும். நூல் பிரியாது. பழைய காட்டன் சேலை, லுங்கி, டைலர் கடைப் பிட்டு எல்லாமும் ஆகும். ஆனால் அவை ஓரம் பிரியும். அதனால் ஒன்றரை அங்குலமாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு பின்ன வேண்டும். நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலைத் துணி பார்க்க பளபளப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, காலும் வழுக்கும். எது காட்டன் என்று சந்தேகமா? ஒரு நூலை உருவி, வெளியே வைத்து, தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். சாயம் போகிறதா என்பதையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். வாங்கியவர் வீட்டுத் தரை சிவப்பானால் அடுத்த ஆர்டர் வராது.

நம்ம பகுதிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மெஷின் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான் பயன்படுத்துகிறார்கள். துடைத்த பிறகு "சும்மாதான் கிடக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது மூட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். எண்ணெய், கெமிக்கல் பட்ட துடைப்புத் துணியை 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரமான கழிவு என்றே சொல்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் கம்பெனி அதை ஒப்படைக்க வேண்டும். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தால் அந்தத் தண்ணீர் போவது உங்கள் வாசலுக்கும் கிணற்றுக்கும்தான். பெயின்ட் எண்ணெய் பட்ட துணியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. குழந்தை புரளும் தரையில் போடுகிற பொருளுக்கு இலவச மூட்டை வேண்டாம் அம்மா.

இனி பின்னல். தலை பின்னத் தெரிந்தவருக்குத் தனியாகச் சொல்லித் தர ஒன்றுமில்லை, அதே மூன்று கால் பின்னல்தான். பட்டை தீர்ந்தால் முடிச்சுப் போடாதீர்கள், மிதிக்கும்போது பாதத்தில் குத்தும். பழைய பட்டை நுனியிலும் புதிய பட்டை நுனியிலும் பட்டன் ஓட்டை அளவு கீறல் போடுங்கள். பழைய நுனியைப் புதியதின் கீறலுக்குள் விட்டு, புதியதின் மறுமுனையைப் பழையதின் கீறல் வழியாக இழுத்தால் மட்டமாகப் பூட்டிக்கொள்ளும்.

நீளவட்ட மிதியடிக்கு ஒரு சூத்திரம் உண்டு. நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள், நடுப் பின்னலின் நீளம் அதுதான். 24க்கு 16 அங்குல மிதியடி என்றால் நடுவில் 8 அங்குலம் நேராக வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி கோணி ஊசியால் தைத்துக்கொண்டே போக வேண்டும். பலருக்கும் இங்கேதான் மிதியடி தட்டாக வராமல் அன்னக்கூடை மாதிரி குழிந்துவிடுகிறது. காரணம் இரண்டு. ஒன்று, மடியில் வைத்துத் தைப்பது. தரையிலோ பலகையிலோ விரித்து வைத்துத்தான் தைக்க வேண்டும். இரண்டு, வளைவில் இழுத்துப் பிடிப்பது. வெளிச்சுற்று பெரியது, அதற்குப் பின்னல் கூடுதலாக வேண்டும். அதனால் வளைவில் மட்டும் புதுப் பின்னலில் ஒரு கண்ணைத் தாண்டித் தையுங்கள். நேர் பக்கத்தில் தாண்ட வேண்டாம். ஒரேயடியாகத் தாண்டிவிட்டால் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக வரும், அதுவும் ஆகாது.

ரொம்பத் தடிமனாகவும் பின்னாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த மிதியடி நாலு நாள் ஆனாலும் காயாது, நாறும். கதவும் தட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். ஒரு மிதியடிக்கு 750 கிராம் துணி, கிலோ 40 ரூபாய் என்றால் துணி 30 ரூபாய். நூல் 5 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்றால் மீதி 65 ரூபாய். "65 ரூபாய் லாபம் மேடம்" என்பார்கள். இல்லை, அது உங்கள் கூலி. வெட்ட, பின்ன, தைக்க 4 மணி நேரம் ஆனால் மணிக்கு 16 ரூபாய். பழகாத கையில் 6 மணி நேரம் ஆனால் 11 ரூபாய்கூட இல்லை. பஸ் செலவு இன்னும் கழிக்கவில்லை. ஒருவர் 60 ரூபாய்க்குக் கேட்டால், துணி, நூல் போக 25 ரூபாய்க்கு நாலு மணி நேரம் உழைத்ததாக அர்த்தம். நோட்டில் நேரத்தையும் ஒரு பத்தியாக எழுதுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். வெட்டுவதை ஒருவர், பின்னுவதை இருவர், தைப்பதை ஒருவர் என்று குழுவில் பிரித்துக்கொண்டால் நேரம் குறையும்.

இன்னொரு விஷயம். "மெஷின் வாங்கிக்கோங்க, நீங்க போடுற மிதியடி எல்லாத்தையும் நாங்களே திருப்பி எடுத்துக்குறோம்" என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் உண்டு. முதல் சரக்கை எடுப்பார்கள். இரண்டாவதில் "தையல் சரியில்லை" என்பார்கள். பிறகு போனை எடுக்க மாட்டார்கள். மெஷினுக்கு வாங்கிய கடன் மட்டும் குழுவில் நிற்கும். பின்னல் மிதியடிக்கு மெஷினே தேவையில்லை. கத்தரிக்கோல், கோணி ஊசி போதும். ஐம்பது மிதியடி விற்று, அந்தப் பணம் கைக்கு வந்த பிறகு கடன் பற்றிப் பேசலாம் என்பது எங்கள் கருத்து.

பிட்டுத் துணிக்கு மதிப்பு எடையில் மட்டும் இல்லை என்பதற்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005இல் ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை நிறுவனம் மீனவப் பெண்களுக்குப் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. தையலில் மிஞ்சிய துண்டுதான் சரக்கு. சின்னஞ்சிறு பொம்மை, பெயர் சுனாமிகா. அதை விலைக்கு விற்கவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கொடுத்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கிடைத்தது. கடலைப் பார்க்கவே பயந்திருந்த நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து தைக்க ஒரு வேலை இருந்தது. நம்மால் நன்கொடையை நம்பி நடத்த முடியாது. ஆனால் பழைய பட்டுச் சேலைக் கரையை வெளிச்சுற்றில் வைத்து ஒரு குழு பின்னிய மிதியடியைப் பார்த்தவர்கள் பேரம் பேசாமல் வாங்கியதைப் பார்த்திருக்கிறோம். துணி கூடுதலாக ஆகவில்லை, நிறம் சேர்க்கும் கண் வேலை செய்தது.

விற்க முதலில் அக்கம்பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் பாருங்கள். மகளிர் திட்டக் கண்காட்சிகளில் கடை போட வேண்டுமானால் கூட்டமைப்பு வழியாக மனு கொடுக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு மிதியடியும், அதற்கு ஆன நேரத்தை எழுதிய சீட்டும் கொண்டு வாருங்கள். குழிந்து போனதாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கேயே பிரித்துத் தைத்துப் பார்ப்போம்.