வளியில் மிதக்கும் பொறிகள்

துவிச்சக்கர வண்டியின் சில்லைக் கழற்றிப் பார்த்தவர்கள், அதன் அச்சைச் சுற்றி அடுக்கியிருக்கும் சிறு உருக்குக் குண்டுகளை அறிவார்கள். சுழலும் உறுப்பைத் தாங்கி உராய்வைக் குறைக்கும் இவ்வமைப்பே குண்டுப் போதிகை; தொழிற்சாலைகளிலே பேரிங் என்பார்கள். வண்டிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதனினும் சிறந்த ஏற்பாடு வேண்டியதில்லை.

ஆனால், மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பெரும்பிழையென எண்ணும் நுண்பொறிகளுக்கு அக்குண்டுகளே இடையூறாகின்றன. எவ்வளவு தீட்டினாலும் குண்டு முற்றிலும் உருண்டையாவதில்லை. அது ஓடும் தடமும் முற்றிலும் வழுவழுப்பாவதில்லை. ஒவ்வொரு குண்டும் சுமையின் கீழ்ப் புகுந்து வெளியேறுந்தோறும் அச்சு மிகச் சிறிது துள்ளுகிறது. அத்துள்ளல் கடையப்படும் பொருளின் மேனியிலே வரியாகப் பதிந்துவிடும். மேலும், அசையாது நிற்கும் மேடையை மயிரிழையினும் குறைவாக நகர்த்த முயன்றால், அது முதலில் அடம்பிடித்து நின்று, பின்னர் வேண்டியதற்கும் அப்பாற் பாய்கிறது.

ஆகவே, குறை உராய்வில் மட்டுமன்று. உலோகம் உலோகத்தைத் தொடுவதிலேயே இருக்கிறது. தொடாமலே தாங்க முடியுமா? அமெரிக்கப் பொறியியலாளர் ஆல்பர்ட் கிங்ஸ்பெரி, எண்ணெய்க்குப் பதிலாக வளியே தாங்கும் போதிகை பற்றிய தம் பரிசோதனைகளை 1897ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

இன்றைய நுண்பொறிகளில், ஏறத்தாழ 5 வளிமண்டல அமுக்கமுள்ள வளி சிறு துளைகளின் வழியே செலுத்தப்படுகிறது. இரு பரப்புகளுக்கும் இடையே உண்டாகும் வளிப்படலத்தின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 5 முதல் 10 பங்கு வரையே. தலைமயிரோ இதனிலும் பல மடங்கு பருமனானது. சுமை கூடினால் இடைவெளி ஒடுங்கும். வளி வெளியேறுவது குறையும். அமுக்கம் உயர்ந்து சுமையைத் திரும்பத் தள்ளும். கட்டுப்படுத்துவோர் எவருமின்றி இது தானே நிகழ்கிறது!

இப்படலம் பரந்திருப்பதால், பரப்பிலுள்ள சிறு மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இயக்கம், பரப்பு இருப்பதைவிடவும் செவ்வையாக அமைகிறது. இதன் பயன் சிறிதன்று. கண்ணில் அணியும் ஒட்டுவில்லைகளை வைரக் கத்தியாற் கடையும் பொறிகள் வளிப் போதிகையிலேயே சுழல்கின்றன. பொறியுறுப்புகளை அளந்து சரிபார்க்கும் கருவிகளில், பாரமான கருங்கற் பாலத்தை ஒரு விரலால் நகர்த்தலாம். மின்சுற்றுப் பலகைகளில் நுண்துளையிடும் துளைகருவிகள் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்கின்றன. தேய்வதற்குத் தொடுகையே இல்லை. எண்ணெய் கசிந்து பொருளை அழுக்காக்குவதும் இல்லை.

இவ்வளவு நன்மைக்கும் விலை உண்டு. ஒரே பருமனுள்ள குண்டுப் போதிகை தாங்கும் சுமையில் சிறு பங்கையே வளி தாங்கும். திடீர் மோதலையும் அது பொறுக்காது. வளி ஓயாது கசிவதால் அமுக்கப்பொறியும் ஓயாது உழைக்கவேண்டும். அவ்வளியில் ஈரமோ தூசியோ எண்ணெய்த் துளியோ கலந்திருக்கலாகாது. எல்லாவற்றிலும் கொடியது, சுழற்சியின் நடுவே வளி நின்றுபோவதாகும். மிதந்த அச்சு கணப்பொழுதில் உலோகத்தின் மேல் விழுந்து கீறிவிடும்; பெரும்பொருட் செலவில் தீட்டிய பரப்பு பாழாகும். ஆதலால், அமுக்கம் தாழ்ந்தவுடனே இயக்கத்தை நிறுத்தும் ஆளியைப் பொருத்துகிறார்கள். சில போதிகைகளில் துளையிட்ட உலோகத்துக்குப் பதிலாக, நுண்துளைகள் நிறைந்த பென்சிற்கரியைப் பதிக்கிறார்கள். வளி அதன் மேனி முழுவதிலும் கசிந்து பரவும். ஒருகால் அச்சு தொட்டுவிட்டாலும், அந்த மென்கரி அதனைக் கீறுவதில்லை.