உறைந்த எலி, உறங்கும் கிருமி

வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்ப்போர் பலர் அதற்கு உறைந்த எலியை வாங்கிப் போடுகிறார்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்தும் என்பதால் இது நல்ல வழக்கம்தான். ஆனால், எலியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி உறையவைத்தாலும் சாகாது. 2014இல் அமெரிக்காவில் பாம்புத் தீனியாக விற்கப்பட்ட உறைந்த எலிகளால் பல மாநிலங்களில் பலருக்கு நோய் வந்தது.

சட்டம் சொல்வது

நாகம், சாரை, நம் காட்டு மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்க்க யாருக்கும் உரிமையில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். ஆப்பிரிக்க ‘பால் பைத்தான்’ போன்ற, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பாம்புகளை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். உரிய ஆவணம் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

வயல் எலி வேண்டாம்

நாமக்கல் மாவட்டப் பரமத்தி வேலூரைச் சுற்றிக் கரும்பும் வாழையும் இருப்பதால் எலிக்குப் பஞ்சமில்லை. அதைப் பிடித்துப் போட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அது எலி மருந்து தின்ற எலியாக இருந்தால் பாம்பும் சாகக்கூடும். பிடிப்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்தும் உண்டு.

உறைவு நீக்கும் முறை

எலியைக் கசியாத பையில் இட்டு, மூடிய டப்பாவில் வைத்து, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சாப்பாட்டுப் பொருள் வைக்காத தனி ஃபிரிட்ஜ் இருந்தால் நல்லது. மறுநாள் பையோடு வெதுவெதுப்பான நீரில் வைத்து, நடுவயிறு வரை இளகிவிட்டதா என்று அழுத்திப் பாருங்கள். உள்ளே பனிக்கட்டி இருந்தால் பாம்பு கக்கிவிடக்கூடும். கொதிநீரும் மைக்ரோவேவும் கூடாது; எலி பாதி வெந்து வெடிக்கக்கூடும். இடுக்கியால் கொடுங்கள். தின்னாமல் விட்டதை மீண்டும் உறையவைக்காதீர்கள்.

இதற்கான பாத்திரம் அடுப்படிக்குள் வரவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எலியையோ பாம்பையோ தொட விடாதீர்கள்.

நோய் வந்தால்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வந்தால் வீட்டில் பாம்பு இருப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாம்புக்கு நோயென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். நாட்டுப் பாம்பை யாராவது விற்றால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டுக் குழந்தையின் உடல்நலத்தைக் காக்க முடியாதவர் பாம்பு வளர்க்க வேண்டாம்.