டார்ச்சுக்கு எந்தக் கட்டை?

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் அன்று இரண்டு சிறிய டார்ச்சுகள் இருந்தன. என்னுடையதில் மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் கட்டைகள். அப்பாவுடையதில் பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண பேட்டரிக் கட்டைகள். ஓடுகள் பறக்கும் சத்தம் கேட்டு என் டார்ச்சை அழுத்தினேன். பல்பின் இழை தணல்போல் ஒருமுறை சிவந்து அணைந்தது. "காலேஜில பாடம் நடத்துறே, ஒரு லைட்டு எரிய வைக்கத் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே அப்பா தம் டார்ச்சை அடித்தார். கொட்டகையிலிருந்த பசுவை அவிழ்த்து வந்தது அந்த வெளிச்சத்தில்தான்.

என் கட்டைகள் பழுதானவை அல்ல. சித்திரையில் சார்ஜ் ஏற்றி மேசை அறைக்குள் போட்டதோடு சரி. பழைய வகை நிக்கல்-உலோக ஹைட்ரைடு கட்டை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மாதத்துக்கு 20 முதல் 30 விழுக்காடு வரை சார்ஜை இழக்கும். உள்ளே நடக்கும் பக்க வேதிவினைகள் அதைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடுகின்றன. வெப்பம் கூடினால் இன்னும் விரைவாக. மாதம் கால் பங்கு போகிறது என்று கொள்ளுங்கள். 0.75 ஐ ஏழு முறை பெருக்கினால் மிஞ்சுவது 13 விழுக்காடுதான். கணக்கு எனக்குத் தெரியாததல்ல. போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மின்சாரம் பல நாட்கள் வரவில்லை. இரவெல்லாம் எரிந்த அப்பாவின் கட்டைகள் மூன்றாம் நாள் தீர்ந்தன. கடைகளில் கட்டையும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அடுத்த தெருவில் ஜெனரேட்டர் வைத்துச் செல்போன்களுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். என் கட்டைகளையும் சார்ஜருடன் கொண்டுபோனேன். அதன்பின் மின்சாரம் வரும்வரை எங்கள் இரவுகளுக்கு ஒளி தந்தவை, முதல் இரவில் கைவிட்ட அதே கட்டைகள்தாம்.

ஆகவே, "எது நல்லது?" என்று கேட்பதைவிட, "எப்போது எரிப்பீர்கள்?" என்று கேட்பதே சரி. இரவுதோறும் வயலுக்குப் போகிறவருக்குச் சார்ஜ் கட்டை சில மாதங்களில் போட்ட பணத்தை மீட்டுத் தரும். வருடத்தில் நாலு நாள் மட்டும் டார்ச்சைத் தேடுகிறவருக்கு அது மீளவே மீளாது. சார்ஜர் உட்பட அதன் விலையை ஒரு ஜோடி சாதாரணக் கட்டையின் விலையால் வகுத்துப் பாருங்கள். அத்தனை ஜோடிகளை நீங்கள் எத்தனை மாதத்தில் தீர்ப்பீர்கள்?

மாணவர்கள் என்னிடம் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், நிக்கல் கட்டை 1.2 வோல்ட், அப்படியானால் வெளிச்சம் மங்காதா? இரண்டு கட்டை டார்ச்சின் இழை பல்பை உற்றுப் பாருங்கள். 3 வோல்ட் என்றல்ல, பெரும்பாலும் 2.5 வோல்ட் அளவில்தான் பொறித்திருக்கும். மின்னோட்டம் பாயும்போது கட்டையின் அகத்தடையில் கொஞ்சம் மின்னழுத்தம் வீணாகும் என்பது பல்பு செய்தவருக்குத் தெரியும். சிறிய துத்தநாக-கார்பன் கட்டையின் அகத்தடை அரை ஓம், மின்னோட்டம் அரை ஆம்பியர் என்றால் கால் வோல்ட் போயிற்று. கட்டை தேயத் தேய இந்தத் தடையும் ஏறும். நிக்கல் கட்டையின் அகத்தடை இதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அது 1.2 வோல்ட்டை ஏறத்தாழக் கடைசிவரை பிடித்திருந்து, சட்டென்று விழும், முன்னறிவிப்புத் தராது.

வெள்ளை எல்.இ.டி. டார்ச்சில் கணக்கு வேறு. அதற்கு 3 வோல்ட் அளவில் வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ளே இல்லையேல் இரண்டு நிக்கல் கட்டைகளால் அது சரிவர ஒளிராது.

மெதுவாகக் கசியும் நிக்கல் கட்டைகளை ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005 இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓராண்டு கழித்தும் அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் சார்ஜ் இருக்கும். எனக்கு அந்த வகையை வாங்கத் தோன்றுவதற்கு ஒரு புயல் வேண்டியிருந்தது! அப்பாவின் டார்ச்சுக்கு ஒரு ஜோடி அல்கலைன் கட்டைகள். சில ஆண்டுகள் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி ஆற்றலுடன் இருக்கும். அவற்றை டார்ச்சுக்குள் போட்டுவைப்பதில்லை. உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்தால் சுருள்வில்லை அரித்துவிடும். உறை பிரிக்காமல், டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பட்டை போட்டு, கைக்கெட்டும் மாடத்தில் வைத்திருக்கிறோம்.

ஐப்பசி பிறந்தால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "சார்ஜ் போட்டாச்சா?"