முயல் வளர்க்கும் வீட்டில் முதலில் நிழல் வேண்டும்

முயல் இறைச்சி உண்பது கூடுமா என்று சகோதரிகள் கேட்பதுண்டு. கூடும். மர்ருள் ளஹ்ரானில் பிடிக்கப்பட்ட முயலை அபூ தல்ஹா (ரலி) அறுத்து, அதன் தொடைப் பகுதியை அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக அனஸ் (ரலி) அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நான்கு மத்ஹபுகளிலும் அது ஹலாலே.

ஆனால், உண்ணக் கூடும் என்பதோடு கடமை முடிந்துவிடாது. பூனையைப் பட்டினி போட்டு அடைத்து வைத்ததற்காக ஒரு பெண் தண்டனைக்குரியவளானாள் என்பதை நாம் அறிவோம். கூட்டுக்குள் இருக்கும் உயிர், தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ள முடியாது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பிய நம் குடும்பங்களுக்கு மாடு கட்டும் வளவு எல்லாரிடமும் இல்லை. முயலுக்கு ஒரு மூலை போதும். சினை காலம் ஏறக்குறைய 31 நாட்கள்தான். எனவே வீட்டுத் தேவைக்கு அது ஏற்ற பிராணியே. இங்கே அதன் பெரிய எதிரி வெயில்.

முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் இரத்த நாளங்கள் வழியாகவே வெளியேற்றும். 30 பாகை செல்சியஸுக்கு மேல் தவிக்கும். 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சூட்டில் வாடிய ஆண் முயல் சில வாரங்களுக்கு இனவிருத்திக்குத் தகுதியற்றதாகவும் ஆகலாம். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நண்பகல் வெப்பம் 30ஐத் தாண்டுவது வழக்கம்.

வெப்பம் தாங்கும் இனங்கள் உலகில் உண்டு. எகிப்தின் பலதி, சினாய்ப் பகுதியின் கபலி, அமெரிக்காவின் டெக்சாஸில் உருவாக்கப்பட்ட டாமுக் ஆகியவை அத்தகையன. நம்மிடம் பரவலாகக் கிடைக்கும் நியூசிலாந்து வெள்ளையோ, பெயர் எப்படியிருந்தாலும், அமெரிக்காவில் உருவானது. அடர்ந்த உரோமமுடைய அங்கோரா குளிர்நாட்டுக்குரியது, நமக்கு வேண்டாம். உள்ளூரில் பல தலைமுறை வளர்ந்த, உரோமம் குட்டையான, காது நீண்ட குட்டிகளைத் தேர்வதே நல்லது.

எந்த இனமானாலும் தகரக் கூரை ஆகாது. வேம்பு அல்லது மாமர நிழலில், நிலத்திலிருந்து உயர்த்தி, கிடுகு வேய்ந்த கூடு அமையுங்கள். காற்று இரு பக்கமும் ஊடாட வேண்டும். குளிர்ந்த நீர் எந்நேரமும் இருக்கட்டும். நண்பகலில் ஈரச்சாக்கைப் பக்கத்தில் தொங்கவிடலாம். உறைந்த நீர்ப்போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கலாம். மூச்சு வேகமாகி, வாய் நனைந்து, முயல் சோர்ந்து கிடந்தால், உடனே குளிர்ந்த இடத்துக்கு எடுத்துச் சென்று காதுகளை நீரால் நனையுங்கள். உடல் முழுவதையும் நீரில் அமிழ்த்தாதீர்கள். பிறகு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். புல்லும் அகத்திக் கீரையும் தரலாம். அலரி இலை நஞ்சு.

இன்னொன்று, சகோதரிகளே. இறைச்சிக்கு வளர்ப்பதையும் பிள்ளைகள் பெயர் வைத்து விளையாடுவதையும் முதல் நாளிலேயே பிரித்து வையுங்கள். செல்ல முயல் நல்ல கவனிப்பில் 8 ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் வாழும். அது அத்தனை காலத்துக்குமான பொறுப்பு. அறுக்கவேண்டியதைப் பிள்ளைகளின் கண்முன்னோ, மற்றொரு முயல் பார்க்கவோ அறுக்காதீர்கள். கத்தியை மறைவாகத் தீட்டிக்கொள்ளுங்கள். இரக்கத்தைப் பிள்ளை முதலில் கற்பது உம்மா அந்தக் கூட்டுக்கு நிழல் தேடும் விதத்திலிருந்துதான்.