குழற்பொறிப்பும் கல்வெட்டு வாசிப்பும்: பழைய நெம்புகோல் ரைபிளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகளை வாசிப்பதற்கெனத் தமிழாய்வு வளர்த்தெடுத்த முறைமை ஒன்று உண்டு. இரும்பில் பொறிக்கப்பட்ட எழுத்து அவ்வாய்வெல்லைக்குள் அரிதாகவே வந்துள்ளது. ஒலக்கூர், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளின் வட்டார வரலாற்றை எழுதப் புகுவோர்க்குப் பழைய துப்பாக்கியும் ஓர் ஆவணமே. அதன் குழலில் காணும் ஆண்டைச் செய்த ஆண்டாகவும், காணும் பெயரைச் செய்தவர் பெயராகவும் கொள்வது எளிதில் நேரும் பிழை. அப்பிழை நூலேறிவிடின் பின்வருவோர்க்கு அதுவே சான்றாகிவிடும். இதனைத் தவிர்க்கக் கல்வெட்டு வாசிப்பு முறை எவ்வாறு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆண்டு

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் செய்யப்பட்ட வின்செஸ்டர் 1873 மாதிரி, நெம்புகோல் ரைபிள்களுள் பெயர்பெற்றது. ஏழு இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. இதன் குழல்கள் பலவற்றில் நிறுவனப் பெயரோடு ‘மார்ச் 29, 1866’, ‘அக்டோபர் 16, 1860’ என்னும் இரு நாள்கள் காணப்படும். 1873இல் அறிமுகமான ஒரு மாதிரி 1860இல் செய்யப்பட்டிருத்தல் இயலாது. இவை காப்புரிமை தொடர்பான நாள்கள். முந்தையது டைலர் ஹென்றியின் கண்டுபிடிப்பிற்கும், பிந்தையது பக்கவாட்டில் தோட்டா இடும் வாயிலை அமைத்த நெல்சன் கிங்கின் திருத்தத்திற்கும் உரியவை.

மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் வெற்றிகள் அக்கல்வெட்டு வெட்டப்பட்ட ஆண்டிலேயே நிகழ்ந்தவை அல்ல. அதனை அடுத்துவரும் ஆட்சியாண்டே கல்வெட்டின் காலத்தைக் காட்டும். அதுபோல ரைபிளின் காலத்தைக் காட்டுவது, நெம்புகோலுக்குப் பின்னுள்ள கீழ்ப்பட்டையில் பொறித்த வரிசை எண்ணே.

அளவு

குழலில் ‘.44’ என்றிருப்பின் அது அங்குலக் கணக்கிலான குண்டின் விட்டத்தைச் சுட்டும். வழக்கில் ‘44-40’ என்னும்போது பின்னெண் கரிமருந்தின் எடையை ‘கிரெய்ன்’ அளவில் குறிக்கும். இரண்டையும் விட்டமென மயங்குதல் கூடாது. இம்மாதிரி தொடக்கத்தில் .44 அளவில் மட்டுமே வந்ததால் முற்காலக் குழல்களில் அளவுக்குறி இடம்பெறவில்லை. .38 அளவு வந்தபின்னரே வேறுபடுத்தும் தேவை எழுந்தது. ஆகவே குறியின் இன்மையும் காலத்திற்கு ஒரு சான்றாகும். எனினும் குழல் மாற்றத்தக்க உறுப்பு. திருப்பணியில் இடம்மாறிய கல்வெட்டுப் பலகையைப் போல, குழல் ஒரு காலத்தையும் உடற்பகுதி வேறு காலத்தையும் காட்டக்கூடும். இரண்டும் ஒத்துள்ளனவா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

பெயர்

சென்னை அண்ணா சாலையின் பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கடிகாரத்தால் அறியப்படுவது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அது துப்பாக்கிகளையும் விற்றது. அதன் பெயர் பொறித்த குழல்கள் உள்ளன. விற்பவரும் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அக்கால வணிகத்தில் பரவலாக இருந்தது. ஆதலின் பெயர் ஒன்றைக் கண்டதும் செய்தவர், விற்றவர், உடையவர் என்னும் மூவருள் யாரென வினவ வேண்டும். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு விசித்திரசித்தனாகிய முதலாம் மகேந்திரவர்மனைக் கூறுகிறது. குடைந்த தச்சனைக் கூறவில்லை. எழுவித்தவரும் செய்தவரும் வேறு என்பதைத் தமிழாய்வாளர் நன்கறிவர்.

குறியும் எழுத்து வடிவும்

குழலின் பின்முனையில் காணும் சிறு முத்திரைகள் பெரும்பாலும் சோதனைக் குறிகள். மிகுமருந்திட்டு வெடித்துக் குழலின் உறுதியைச் சோதித்தபின் இடப்படுபவை அவை. இலண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களின் குறி அமெரிக்க ரைபிளில் இருப்பின் அது பிரித்தானியா வழியே வந்தது எனக் கருத இடமுண்டு. அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசுடைமையைச் சுட்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மஸ்கட்டுகளில் நான்காகப் பகுத்த இதயக்குறி காணப்படும். அதனுள் உள்ள ‘வி’ எழுத்தை ‘யூ’ எனக் கொண்டு ‘ஐக்கிய’ என்பதன் முதலெழுத்தாக விளக்குவர். இலத்தீன் வழக்கில் இரண்டிற்கும் ஒரே வடிவம் நின்றது. புள்ளியிடாது வெட்டிய தமிழெழுத்தில் எகர ஏகாரங்களை இடம்நோக்கித் துணியும் முறையே இங்கும் பொருந்தும்.

முடிவுரை

குழற்பொறிப்பு ஒரே கையால் ஒரே காலத்தில் எழுதப்பட்ட பனுவல் அன்று. செய்தோர், சோதித்தோர், விற்றோர், உடையோர் எனப் பலர் அடுத்தடுத்து இட்ட அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் பிரித்து, இடம், வடிவம், தேய்மானம் ஆகியவற்றோடு பதிந்த பின்னரே பொருள் காணுதல் தகும். மணல்வீச்சால் கோயிற் கல்வெட்டுகள் சிதைந்ததை நாம் கண்டோம். துருநீக்கும் பெயரில் குழலைத் தேய்ப்பதும் அத்தகைய அழிவே. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அடையாளக் குறியை அழிப்பதைத் தடைசெய்கிறது. உரிமம் பெற்றோரிடமோ அருங்காட்சியகத்திலோ இருக்கும் துப்பாக்கியை அவர்தம் முன்னிலையில், தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின், உள்ளவாறே படியெடுத்தல் ஆய்வாளரின் முதற்கடமை. சட்டம் காக்கும் அதே எண்தான் வரலாற்றுக்கும் சான்று.